வாய்ப்பூட்டு

இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தேன், அப்போதும் இதையேதான் சொன்னது, இப்போதும் இதையேதான் சொல்கிறது. மறுப்பதற்கு இது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. என் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக் கரண்டைத் தின்றுகொண்டு, எனக்கே கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. திருச்சி ஆபீசில் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய சர்வரை நான் தொடப்போவதில்லை. அதன் மாதிரியாக ஒரு குட்டி சர்வர் இந்த லேப்டாப்புக்குள்ளேயே ஓட வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு டேட்டாபேஸ், அதில் நேற்று எடுத்த நகல், அவ்வளவுதான். வீட்டுக்குள் சொப்பு வைத்து விளையாடுவது மாதிரி. சொப்பு அடுப்பு கையைச் சுடாது என்பதுதான் அதில் இருக்கிற சௌகரியம். சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சமர்த்தாகப் பதில் சொல்கின்றன, ஒன்றோடொன்று பேசச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன, என் மாமியார் வீட்டுக் கல்யாணங்களில் நடப்பதுபோல. திங்கட்கிழமை பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். கரையோர ஊர்களுக்கான வெள்ள எச்சரிக்கைச் செயலி. மேலே அணையில் மதகைக் கூடுதலாகத் திறந்தால், ஆற்றில் பதித்திருக்கிற கருவி நீர்மட்டம் ஏறுகிறது என்று சொன்னால், கரையில் இருப்பவர்களின் போனுக்கு உடனே மெசேஜ் போகும். எங்கள் ஊரில் போன வருஷமே ஓட ஆரம்பித்துவிட்டது. பரிசல்காரர்கள், படித்துறைக் குருக்கள், பூ விற்கிறவர்கள், காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர்கள், கரைத்தெருவில் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள், எல்லோருடைய நம்பரும் அதில் இருக்கிறது. அதில் புதிதாகச் சில வேலைகளைச் சேர்த்திருக்கிறேன், அவை சரியாக வருகின்றனவா என்று பார்க்கத்தான் இந்தச் சொப்பு விளையாட்டு. அது என்னவோ இன்றைக்குப் பார்த்து வர மாட்டேன் என்கிறது.

இன்றைக்குப் போய் இதைச் செய்ய வேண்டுமா என்று ஞானவேலும் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்பார், அப்புறம் அந்தக் கேள்வி அவர் முகத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆடிப் பதினெட்டு. ஊரே படித்துறையில் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கரில் விடிந்ததிலிருந்து அம்மன் பாட்டு, அது ஜன்னல் வழியாக வந்து நேராக என் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. "கயித்தை நீதான் வந்து மாத்தணும், நான் என்ன பண்ணுவேன்?" என்றார். "நனைச்சு மட்டும் எடுத்துட்டு வாங்க, வீட்டுல வச்சுக் கட்டிக்கிறேன்" என்றேன். மஞ்சள் தடவிய புதுத் தாலிக்கயிறு, கருகமணி, காதோலை, ஊறவைத்து வெல்லம் போட்ட காப்பரிசி எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தது நான்தான். எடுத்து வைக்கத் தெரிந்தவளுக்குக் கூடப் போகத் தெரியவில்லை. "ஓரமா தேங்கிக் கெடக்குற தண்ணியில நனைச்சிட்டு வந்துடாதீங்க, அழுக்கா இருக்கும். ஓடுற தண்ணியில நனைங்க" என்று வேறு சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். அதற்குள் தர்ஷினி, ஏழு வயசு, சப்பரத்தை வராந்தாவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். நாலு தகர டப்பா மூடிகளைச் சக்கரமாக வைத்து அவள் அப்பா செய்து கொடுத்த சின்னத் தேர், மேலே ஒரு சாமி படம், சுற்றிலும் கலர்த்தாள். "அம்மா, ஜடை" என்றாள். அந்த நேரத்தில்தான் ஸ்டீபன் சாருடைய ஃபைலும் வந்து சேர்ந்தது.

ஸ்டீபன் சார் எங்கள் டீமுக்கு மூத்தவர். நல்லவர், ஆனால் எதையும் அவசரமாகச் சொல்ல மாட்டார், வீடு பற்றி எரிந்தாலும் முதலில் வணக்கம் என்றுதான் ஆரம்பிப்பார். போனில் சொன்னேன், "சார், காலையிலேருந்து மல்லுக்கட்டுறேன், டேட்டாபேஸை எடுக்கவே மாட்டேங்குது." "செட்டிங் ஃபைலில் எங்கயோ எழுத்து மாறியிருக்கும் பிருந்தா. நான் லைவ்ல ஓடுற ஃபைலை அப்படியே அனுப்புறேன். அதுல டேட்டாபேஸ் முகவரி இருக்கிற வரியை மட்டும் லோக்கல்னு மாத்திக்குங்க. மத்ததைத் தொட வேணாம்" என்றார். அப்புறம், வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார், "ஓடினதும் மொதல்ல வாய்ப்பூட்டு." அது எங்கள் ஆபீஸ் பேச்சு. நான் சேர்வதற்கு முன்னால் ஒருவர், வேறொரு ஊருக்குச் செய்த பழைய செயலியில், சோதனைக்கு எடுத்த நகலில் இருந்த நம்பர்களை மாற்றாமலே எச்சரிக்கைப் பொத்தானை அழுத்திவிட்டாராம். ஆற்றில் மணல் தெரிகிற சித்திரை மத்தியானத்தில், அத்தனை பேருக்கும் வெள்ளம் வருகிறது, மேலேறுங்கள் என்று மெசேஜ் போயிற்றாம். நிறைமாசக்காரி ஒருத்தி ஓடி விழுந்தாளாம். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம். நகல் கைக்கு வந்தால் முதல் காரியமாக அதில் இருக்கிற எல்லா நம்பரையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் நம்முடைய சொந்த நம்பரைப் போட்டுவிட வேண்டும். அப்புறம் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் ஊருக்குப் போக வேண்டியதெல்லாம் நம் போனில் வந்துதான் விழும். களத்தில் சூடடிக்கிற மாடு நெல்லைத் தின்னாமலிருக்க வாய் கட்டுகிற மாதிரி என்று ஸ்டீபன் சார்தான் பெயர் வைத்தார். அதற்காகவே இந்தச் செயலிக்குள் தனியாக ஒரு பக்கமும், அதில் சிவப்பாக ஒரு பொத்தானும் செய்து வைத்திருக்கிறார். எனக்கு அந்த நிறைமாசக்காரியின் முகம் தெரியாது, ஆனாலும் சிவப்புப் பொத்தானைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் ஒரு படியில் குப்புற விழுந்து கிடப்பாள்.

ஃபைலைப் பழையதன்மேல் போட்டேன், திறந்தேன், முகவரி வரியைத் தேடிக் கண்டுபிடித்தேன், அதன்மேல் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, தர்ஷினி சீப்பையும் ரிப்பனையும் என் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இந்தப் பிள்ளையின் முடி அவள் அப்பா வழி, பிடித்தால் பிடியில் நிற்காது. பின்னிக்கொண்டே அவளுக்குப் புத்தி சொன்னேன், அப்பா கையை விடாதே, கீழ்ப்படிக்குப் போகாதே, பாசி இருக்கும். "பாசின்னா என்னம்மா?" வழுக்கும். "நீ வந்தா என்னம்மா?" வேலை இருக்குடி. அவளும் அப்பா மாதிரிதான், கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். "போனை எடுத்துக்கிட்டீங்களா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன், ஞானவேல் ம் என்றார். கதவு சாத்துகிற சத்தம், படிக்கட்டில் சப்பரம் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம், தெருவில் அது உருளுகிற சத்தம், அப்புறம் பாட்டு மட்டும். லேப்டாப் பக்கம் திரும்பி, சர்வரை மறுபடி ஓடவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், செயலி வந்துவிட்டது. மேலே எங்கள் ஊர்ப் பெயர், நடுவில் நீலமாக ஆறு, ஓரத்தில் நீர்மட்டம் காட்டுகிற பச்சைக் கோடு, எல்லாம் அச்சு அசலாக. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று காபி போட்டுக் கொடுத்தால் காரணம் கேட்டுக்கொண்டா இருப்போம், வாங்கிக் குடிப்போம். நானும் காரணம் கேட்கவில்லை. உடனே அந்தச் சிவப்புப் பொத்தானுக்குத்தான் போனேன். நல்ல பிள்ளை நான், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். என் நம்பரைப் போட்டு அழுத்தினேன். எல்லா நம்பர்களும் மாற்றப்பட்டன என்று வந்தது. இனிமேல் எந்த நிறைமாசக்காரியும் என்னால் விழ மாட்டாள்.

வீடு காலியாக இருக்கிறபோது இப்படித்தான், நிம்மதி வந்து உட்கார்ந்த உடனே அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்து நிற்கிறது. வேலை ஒரு சாக்குதான் என்று எனக்குத் தெரியும். ஞானவேலுக்கும் தெரிந்திருக்கும், சொல்ல மாட்டார். திங்கட்கிழமைக்கு ஞாயிறு முழுசாக இருக்கிறது. எனக்கு அந்தப் படித்துறை பயம். தர்ஷினி வயசில், இதே ஆடிப் பெருக்கில், விளக்கை இலையில் வைத்து விடுவதற்காகக் குனிந்தவள் கால் வழுக்கிக் கீழ்ப்படியிலிருந்து உள்ளே போய்விட்டேன். உள்ளே போனதும் கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன், வாயைத் திறந்தால் தண்ணீர்தான் வந்தது. கண்ணைத் திறந்தபடியே இருந்தேன். செம்மண் நிறத்தில் வெளிச்சம், அதில் பெண்களின் கால்கள் வரிசையாக, கொலுசும் மெட்டியும் தெளிவாகத் தெரிகின்றன, அவ்வளவு பக்கத்தில், ஒரு காலும் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை. மேலே அவர்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் உம்மென்று, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி கேட்டது. யாரோ ஒரு அம்மா தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், முகம் ஞாபகமில்லை, வலி ஞாபகமிருக்கிறது. அதனால்தான் தர்ஷினிக்கு ஜடையை இறுக்கிப் பின்னுகிறேனோ என்னவோ. பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும். இந்தச் செயலியை எங்கள் கம்பெனி எடுத்துச் செய்யப்போகிறது என்றபோது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன், உள்ளூர்க்காரி என்பதால் என்றார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கால்களுக்கெல்லாம் தெரியப்படுத்த வேண்டும் என்று நான் நினைத்ததை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது. வருஷம் முழுக்க அந்த ஆற்றைத் திரையில் பார்க்கிறேன், நீலமாக, வழுக்காமல். படித்துறைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. என்னால் முடிந்தது இதுதான், வெளியே நின்றுகொண்டு மணியடிப்பது.

பச்சைக் கோடு முன்பு இவ்வளவு உயரத்தில் இருந்ததா? இல்லை, கீழே இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் படிகளின் படம் போட்டிருக்கிறோம், கோடு எந்தப் படி வரைக்கும் என்று யாருக்கும் பார்த்ததும் புரிய வேண்டும் என்று நான்தான் சொல்லிச் செய்தது. பக்கம் வந்தபோது கீழ்ப்படி தெரிந்தது. இப்போது தெரியவில்லை. நகல் என்றால் நேற்றைய தண்ணீர், நேற்றைய தண்ணீர் எப்படி ஏறும், படத்தில் எடுத்த ஆறு ஓடாது. ஒருவேளை சோதனைக்காக ஸ்டீபன் சார் பொம்மைக் கருவி ஏதாவது செய்து வைத்திருப்பார், தானாக எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிற மாதிரி. செய்யக்கூடியவர்தான், சொல்லாமலும் விடக்கூடியவர்தான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்றைக்கு மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லியிருந்தார். சார், நீர்மட்டத்துக்கு டம்மி ஓடுதா என்று மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சரி, ஏறட்டும், எனக்கென்ன, ஏறினால் நல்லதுதான், எச்சரிக்கை போகிறதா என்று பார்க்க வசதி. அப்படிச் சொல்லிக்கொண்டே கை வேறு வேலை பார்க்கிறது, டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து பார்க்கிற இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. வாய்ப்பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒரு பார்வை, திண்டுக்கல் பூட்டாகவே இருந்தாலும் இழுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. முதல் வரி, பரிசல் மாரியப்பன், அவருடைய நம்பர். என் நம்பர் இல்லை, அவருடையது. அடுத்த வரி, பூக்கடை ராணி, அவளுடையது. கீழே போகப் போக எல்லாம் அவரவர் நம்பர். பழைய பக்கத்தையே காட்டுகிறதோ என்று புதுப்பித்தேன். மாரியப்பன். மறுபடியும் புதுப்பித்தேன். மாரியப்பன். செயலிக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்தினேன், எல்லா நம்பர்களும் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன என்கிறது. அங்கே மாறிவிட்டன, இங்கே மாறவில்லை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எனக்குப் பிடித்ததை நம்பிக்கொள்ளலாம் என்று தோன்றியது, நம்பியும் பார்த்தேன், கொஞ்ச நேரம் ஓடிற்று. இரண்டும் ஒரே டேட்டாபேசைத்தானே பார்க்கின்றன, ஒரே பானையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்து ஒருவர் நிறைந்திருக்கிறது என்றும் ஒருவர் காலி என்றும் சொன்னால். சொன்னால் என்ன? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலைத் தூக்குகிற மாதிரி. பாட்டு மாறியது. புதுப் பாட்டு, முன்பைவிடச் சத்தமாக. இவர்களுக்கு யாராவது மெசேஜ் அனுப்பினால் தேவலை.

கோட்டின் நிறம் மாறிவிட்டது. பச்சை மஞ்சளாகியிருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறபோதே மஞ்சள் சிவப்பாகிறது, மூன்றாவது படியும் போய்விட்டது. அப்போது என் போன் மேஜைமேல் அதிர்ந்தது. ஸ்டீபன் சாராக இருக்கும் என்று எடுத்தேன். அன்புடையீர் மாரியப்பன், அணையிலிருந்து கூடுதல் நீர் திறக்கப்பட்டுள்ளது, ஆற்றை விட்டு உடனே மேலேறவும். ஆஹா, வேலை செய்கிறது என்று நினைத்தேன். நான் எழுதிய வாசகம், நான் போட்ட கமா, சந்தோஷம்கூடப்பட்டேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம்தான், நான் எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தவே இல்லையே என்பது வந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. அன்புடையீர் ராணி. மறுபடி. அன்புடையீர் சபாபதி குருக்கள். மறுபடி, மறுபடி, நின்று அதிர்வதற்கு நேரமில்லாமல் ஒரே இரைச்சலாக அதிர்ந்துகொண்டே மேஜையில் நகர்கிறது, அன்புடையீர், அன்புடையீர், அன்புடையீர், ஊரிலுள்ள அத்தனை பேரும் என் உள்ளங்கைக்கு வந்து நெரிகிறார்கள். செட்டிங் ஃபைலைத் திறந்தேன். முகவரி வரி. கர்சர் விட்ட இடத்திலேயே துடிக்கிறது. நான் அதை மாற்றவே இல்லை. ஜடை பின்னத் திரும்பியவள் அதை மாற்றாமலே சர்வரை ஓடவிட்டிருக்கிறேன். லைவ் சர்வரின் முகவரி, திருச்சியில் ஓடுகிற நிஜ சர்வருடையது. பக்கம் திறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது நகல் இல்லை. ஏறினது நேற்றைய தண்ணீர் இல்லை. நான் பூட்டியது என் வீட்டுச் சொப்பு இல்லை. ஊரின் வாயை நான் கட்டியிருக்கிறேன், இன்றைக்குப் பார்த்து, அதுவும் எவ்வளவு பொறுப்பாக. மேலே மதகைத் திறந்துவிட்டார்கள், சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, எல்லோருக்கும் சொல்கிறது, எல்லோரும் நான்தான்.

ஞானவேலைக் கூப்பிட்டேன். ஃபிரிட்ஜுக்கு மேலிருந்து என் பெண்ணின் குரல் கேட்டது, "அப்பா போன், அப்பா போன், எடுங்கப்பா." அவள் பேசிப் பதிவு செய்து வைத்தது, அந்தக் குரல்தான் அவர் போனுக்கு மணி. சார்ஜர் வயரோடு அது அங்கே கிடக்கிறது, எடுங்கப்பா, எடுங்கப்பா. ம் என்று சொன்னாரே. எழுந்து ஓடினேன், வாசல் வரைக்கும் ஓடினேன், செருப்பில் ஒரு கால் நுழைந்தும்விட்டது. படித்துறைக்கு இரண்டு தெரு, ஒரு சந்தை, இன்றைக்கு அதில் தள்ளுவண்டிகளும் கூட்டமும், எப்படி ஓடினாலும் தண்ணீர் எனக்கு முன்னால் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தாலும் அந்த ஸ்பீக்கருக்கு மேலே என்ன கத்துவேன், யார் காதில் விழும், கால்களுக்குக் காது கிடையாது. ஒரு காலில் செருப்போடு திரும்பி வந்தேன். என் பிள்ளை அங்கே இருக்கிறாள், நான் நாற்காலியில் உட்காருகிறேன், எந்தத் தாய் இப்படி உட்காருவாள் என்று எனக்குள்ளேயே ஒருத்தி கேட்கிறாள், அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மாரியப்பன். இங்கே மாறாமல் இருந்தாரே மாரியப்பன். நகல் இருக்கிறது, இந்த மேஜையில், யாரும் தொடாமல், அத்தனை நம்பர்களோடும் பத்திரமாக இருக்கிறது, வாய்ப்பூட்டு அதன்மேல் விழவே இல்லை. மெசேஜ் அனுப்ப அனுமதி கொடுக்கிற சாவி லைவ் ஃபைலோடு என்னிடம் வந்துவிட்டது. செய்ய வேண்டியது அந்த ஒரு வரிதான், காலையில் செய்திருக்க வேண்டிய அதே வரி. லோக்கல் என்று அடித்தேன், எழுத்து மாறிப் போயிற்று, அழித்து மறுபடி அடித்தேன். சேமித்தேன். சர்வரை நிறுத்தி ஓடவிட்டேன். காலையில் மறுத்ததைப்போல இப்போதும் மறுத்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். பக்கம் வெள்ளையாக நின்றது, நின்றுகொண்டே இருந்தது, அப்புறம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர், நீலமாக ஆறு, பச்சைக் கோடு, கீழ்ப்படி தெரிகிறது. நேற்றைய தண்ணீர். எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பு என்ற பொத்தான். இத்தனை நாளும் எதை அழுத்திவிடக் கூடாது என்று பயந்தேனோ அதை அழுத்தினேன். ஊர் மக்களுக்கு, நிஜ நம்பர்களுக்கு, என் சாப்பாட்டு மேஜையிலிருந்து. நிறைமாசக்காரி யாராவது இருந்தால் மெதுவாக ஓடட்டும், சாமி. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஃபிரிட்ஜுக்கு மேல் டிங் என்று ஒரு சத்தம். எட்டி எடுத்தேன். அன்புடையீர் ஞானவேல், அணையிலிருந்து கூடுதல் நீர் திறக்கப்பட்டுள்ளது, ஆற்றை விட்டு உடனே மேலேறவும்.

போய்விட்டது என்று அர்த்தம். இவர் போனுக்கு வந்தால் எல்லோருக்கும் வந்திருக்கும். இவருக்குத்தான் வரவில்லை. இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு படிக்கட்டில் இறங்கினேன், பாதிப் படியில் இருக்கிறபோது என் போனில் தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தது. "அம்மா" என்றாள் தர்ஷினி. மூச்சு வாங்கியது. "பூக்கார அக்கா போன்மா. எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சுன்னு மேல ஓடி வந்தாங்க. என்னையும் அக்கா தூக்கிட்டு வந்துட்டாங்க. சப்பரம் கீழயே போயிருச்சும்மா." போகட்டும்டி, போகட்டும், நீ எங்கே நிற்கிறாய். "கோயில் மதிலுகிட்ட." உட்கார்ந்துவிட்டேன், படியிலேயே. கடவுளே என்று சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. "அப்பா எங்கடி, அப்பாட்ட குடு." போனுக்குள் நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "அப்பா இங்க இல்லம்மா. என்னைய மேல்படியில நிக்கச் சொல்லிட்டு அப்பா கீழ போனாரு. ஓரத்துத் தண்ணி வேணாம், ஓடுற தண்ணியிலதான் கயித்தை நனைக்கணும்னு அம்மா சொன்னாங்கன்னு சொன்னாரு." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப தெரியறாராடி? கீழ நல்லாப் பாரு, தெரியறாரா?" "படியே தெரியலம்மா" என்றாள். அங்கேயே நில்லு, அக்கா கையை விடாதே, அம்மா வந்துட்டே இருக்கேன் என்றேன், அல்லது சொல்ல நினைத்தேன். தெருவில் கால் வைத்தபோதுதான் கவனித்தேன், ஸ்பீக்கரில் பாட்டு நின்றுபோயிருந்தது.